சீனா வரைக்கும் போன கலை, எங்கள் தெருவுக்கு வராதா?

எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்துவிட்டால் உடனே ஒரு அறிவுரை வந்துவிடும். "கராத்தே, குங்ஃபூ எதையாவது கற்றுக்கொடுங்கள். திருப்பி அடித்தால் ஒருத்தனும் தொட மாட்டான்."

சென்ற வருடம் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தேன். எங்கள் தெருவில் பத்தாவதும் பிளஸ் ஒன்னும் படிக்கும் ஆறு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கோட்டாறு பக்கம் குங்ஃபூவும் அடிமுறையும் சொல்லித்தரும் ஓர் இடத்துக்குப் போனேன். சுவரில் போதிதர்மர் படம். ஆசான் அன்பாகத்தான் பேசினார். "என்ன படிக்கிய மக்கா?" அடுத்த கேள்வி, "எந்த எடம்?" சொன்னோம். "இப்ப ஆளு கூடுதலா இருக்கு. எடம் வந்தா விளிக்கேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார். அந்த அழைப்பு இன்றுவரை வரவில்லை. அடுத்த மாதமே வேறு தெருப் பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள்.

போதிதர்மர் இங்கிருந்து போய்ச் சீனாவுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்று 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததிலிருந்து நாம் மார்தட்டிக்கொண்டிருக்கிறோம். அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் சண்டைக் கலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரை அதோடு சேர்த்த கதை 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சரி, கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மலை தாண்டி, கடல் தாண்டிச் சீனாவுக்குப் போன கலை, கோட்டாறில் அடுத்த தெருவுக்கு வர மட்டும் ஏன் தயங்குகிறது?

அடிமுறையும் வர்மமும் இந்த மாவட்டத்து மண்ணின் கலை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது ஆசான்களின் கணக்கு. தப்பான கையில் போய்விடக் கூடாது என்று சீடனின் குணத்தை வருடக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் வர்மம் சொல்லித்தருவார்கள். அது நியாயம். ஆனால் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் களரிக்குள் நிற்க விட வேண்டுமே! தெருவைக் கேட்டுவிட்டே அனுப்பினால் குணத்தை எங்கே பார்ப்பது? சாதி பார்க்காத ஆசான்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே, அதுதான் கேள்வி.

சேர்த்துக்கொண்டார்கள், கற்றும் முடித்தோம் என்றே இருக்கட்டும். அது போதுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே அரிவாளோடு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சைக்குப் போன தலித் மாணவனைப் பேருந்தில் மறித்துக் கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் பலவீனமானவனா? அவன் உடம்பின் பலம்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

தற்காப்பு வகுப்பில் எதிரி எப்போதும் முகம் தெரியாத ஒருத்தன். இருட்டில் தனியாக வருவான். எங்களை அடிக்க வருகிறவனுக்குப் பெயர் உண்டு, தெரு உண்டு, பின்னால் பத்துப் பேர் உண்டு. சாதி ஒருநாளும் தனியாள் வருவதில்லை.

திருப்பி அடித்தால் என்ன ஆகும்? தற்காப்புரிமை எல்லோருக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் எங்கள் பையன் கை ஓங்கினால் ஸ்டேஷனில் அது 'இருதரப்பு மோதல்' ஆகிவிடும். வன்கொடுமைப் புகாருக்கு எதிர்ப்புகார் ஒன்று தயாராகும். பிறகு சமாதானப் பேச்சு. இதைப் பார்க்காத களப்பணியாளர் உண்டா?

அப்படியானால் கற்கவே வேண்டாமா? கற்க வேண்டும். ஆனால் அய்யன்காளி வழியில். கோட்டாறும் அவருடைய வெங்ஙானூரும் அன்று ஒரே திருவிதாங்கூர். 1893-ல் நமக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் தலைப்பாகை கட்டி வில்வண்டி ஓட்டினார். எதிர்த்தவர்களைச் சமாளிக்கச் சண்டைப் பயிற்சி பெற்ற இளைஞர் கூட்டம் அவரோடு இருந்தது. 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை என்றால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். அவர் அடி கற்றது தன் ஒருவனைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. சாலைக்கும் பள்ளிக்கும் சனங்களைக் கூட்டிக்கொண்டு போக.

இப்போது அந்த ஆறு பிள்ளைகளும் எங்கள் தெருவிலேயே சிலம்பம் பழகுகிறார்கள். சொல்லித்தருபவர் எங்கள் பெரியவர் ஒருவர். ஒரு மணி நேரம் கம்பு, ஒரு மணி நேரம் சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உரிமையைப் பிரிவு 15ஏ தருகிறது. இவையும் எங்களுக்கு வர்மப் புள்ளிகள்தான். தெரிந்து தொட்டால் அதிகாரம் அசையும்.

அரசிடம் ஒரு கேள்வி. ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் இந்த மண்ணின் கலைகளைக் கற்றுத்தர ஆசான்களைச் சம்பளத்துக்கு நியமித்தால் என்ன?

போதிதர்மர் படத்தை மாட்டியிருக்கும் ஆசான்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து நின்றால், எந்த எடம் என்று கேட்காமல் முதல் சுவடைச் சொல்லிக்கொடுங்கள்.

ஜெய் பீம்.