நீலம் விரித்த காடு



பெல்ஜியத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குச் சித்திரை மாதத்தில் போயிருந்தேன். ஊர் காட்டுகிறேன் என்று அவள் முதலில் கூட்டிச் சென்றது கடைத்தெருவுக்கு அல்ல, ஒரு காட்டுக்கு. பிரசல்ஸ் நகருக்குத் தெற்கே, ஹாலே என்னும் ஊரை அடுத்துள்ள ஹாலர்போஸ் காடு அது. ஏறக்குறைய 550 ஹெக்டேயர் பரப்பு.

உள்ளே சிறிது தூரம் நடந்ததும் பேச்சு நின்றுவிட்டது. உயர்ந்த பீச் மரங்களுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலமெல்லாம் நீலம்! புளூபெல் என்ற சின்னஞ்சிறு மணிப்பூக்கள். ஓரிடத்தில் உள்ளி வாசம் வந்தது. அங்கே காட்டு உள்ளியும் முளைக்கிறதாம். எனக்கு ரசம் நினைவுக்கு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பூக்களுக்குக் கிடைப்பது சொற்ப காலம். குளிரில் இலையுதிர்ந்த மரங்கள் மீண்டும் தளிர்த்து மூடுவதற்கு முன்புதான் வெயில் தரையைத் தொடும். அதற்குள் இலைவிட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவை மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே தொடக்கம் வரைதான் இந்தக் கோலம். பிறகு காடு இருண்டுவிடும்.

ஒரு படம் எடுப்போமே என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கப் போனேன். தங்கச்சியின் மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, அதுக்குள்ள கால் வைக்காதேங்கோ!"

"பூவில மிதிக்க மாட்டன், பிள்ளை."

"இலையில மிதிச்சாலும் காணும், பெரியம்மா."

அவள் சொன்னது சரிதான். இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. மிதிபட்ட இடம் தேற வருடக்கணக்காகும். விதையிலிருந்து வரும் செடி பூப்பதற்கே ஐந்து வருடமளவில் செல்லும். பாதையோரத்தில் ஒரு பாய் அளவு இடம் வெறும் சேறாகக் கிடந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். எத்தனை பேர் அங்கே நின்று படம் எடுத்தார்களோ!

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் படையினர் இக்காட்டின் பெருமரங்களில் அநேகமானவற்றை வெட்டிச் சென்றார்கள். 1930 முதல் 1950 வரை மீண்டும் நட்டு வளர்த்த மரங்களே இன்று பெரும்பாலும் நிற்கின்றன. மரங்களை நட்டார்கள் சரி, இந்தப் பூக்களை யார் நட்டார்கள் என்று கேட்டேன். யாரும் நடவில்லையாம். புளூபெல் மிக மெதுவாகவே பரவும் செடி. இப்படிக் கம்பளமாகப் பரந்திருந்தால், நெடுங்காலமாகவே அது காட்டு நிலம் என்று அர்த்தமாம்.

என் படத்தைப் பாதையில் நின்றபடியேதான் எடுத்தோம். நீலம் கொஞ்சம் தள்ளித்தான் தெரிகிறது.