பாடி எப்ப வரும், சார்?

சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டால், உடல் ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்துவிடும். மருத்துவமனை அறிக்கை. விபத்தோ தற்கொலையோ என்றால் போலீஸ் அறிக்கை. உடலை அனுப்பிவைக்கச் சம்மதம் என்று குடும்பத்தார் கையெழுத்திட்ட கடிதம். அங்கே அலைவதற்கு ஓர் ஆளுக்குப் பவர் பத்திரம். இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று. அந்த நாட்டு இறப்புச் சான்று. போதாததற்கு எக்ஸிட் விசா. உயிரோடு இருந்தபோது எக்ஸிட் கிடைக்காமல் அல்லாடியவருக்கு, செத்த பிறகும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். எம்பாமிங்கும் கார்கோ பதிவும் அதற்கப்புறம்தான்.

செலவு முதலாளியுடையது என்று சவூதி தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அவரைக் கொடுக்கவைப்பது தூதரகத்தின் தலைவலி. நடுவே ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். "பாடி எப்ப வரும், சார்?" "கையெழுத்துப் போட்ட லெட்டர் இன்னும் வரலையேம்மா." சில வீடுகளில் அந்தக் கையெழுத்தை யார் போடுவது, மனைவியா அண்ணனா என்றே சண்டை நடக்கும். அதையும் கடல் தாண்டி உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டும்.

இந்தக் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவரும் ராஜதந்திரிதான். மாநாட்டு மேசைகளையும் கைகுலுக்கும் படங்களையுமே பார்த்துப் பழகிய நம் கண்ணில் அவர் படுவதில்லை. 1961இல் வியன்னாவில் தூதர்களுக்கென்று ஓர் உடன்படிக்கை உருவானது. துணைத் தூதரகப் பணிகளுக்கென்று 1963இல் அதே நகரில் இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சாமானியனுக்கானது. பாஸ்போர்ட் கொடுப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, வாரிசுகளின் நலனைக் காப்பது, பிடிபட்ட தன் நாட்டவரைச் சிறையில் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில்தான் வருகின்றன.

வளைகுடாத் தூதரகங்களின் தொழிலாளர் பிரிவில் கதைகள் ஏறக்குறைய ஒன்றேதான். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. பாஸ்போர்ட் கஃபீல் எனும் ஸ்பான்சர் முதலாளியின் கையில். சவூதியில், ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி 'ஹுரூப்' போட்டுவிட்டால் இக்காமா என்ற வசிப்பு அனுமதியும் செல்லாது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் அவுட்பாஸ் எழுதிக் கொடுக்கலாம். அது இந்தியாவுக்குள் நுழையத்தான் உதவும், அங்கிருந்து கிளம்ப அந்த நாட்டு அதிகாரிகள் மனம் வைக்க வேண்டும். கவுண்ட்டரில் நிற்பவருக்கு இதைப் புரியவைப்பதிலேயே பாதி நாள் போய்விடும். "எம்பசி நெனச்சா முடியாதா சார்?" முடியாது. அபராதத்தைத் தள்ளுபடி செய்யவோ சிறைக் கதவைத் திறக்கவோ எந்தத் தூதருக்கும் அதிகாரமில்லை. வக்கீல் வைக்கவும், நாதியற்றவருக்கு டிக்கெட் எடுக்கவும் 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்குக் கட்டணம் கட்டும்போது கூடவே பிடிக்கும் சிறு தொகைதான் அந்த நிதிக்கு வரும்படி. அரசின் தர்மம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் வேலை வேறு மாதிரி. 2010இல் அங்கே திறந்த இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ராமேஸ்வரம், நாகை, காரைக்கால் மீனவர்கள் ஓயாத பொறுப்பு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களைச் சிறையில் போய்ப் பார்த்து, மாற்றுத்துணி கொடுத்து, வக்கீல் வைத்து, விடுதலையானதும் அவசரப் பயணச் சான்று எழுதி, கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். படகு பெரும்பாலும் திரும்புவதில்லை, அது தனிச் சோகம்.

சிறையில் போய்ப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றலாம். தன் பிடியில் இருந்த இந்தியர் குல்பூஷண் ஜாதவைத் தூதரக அதிகாரிகள் பார்க்க அனுமதிக்காத பாகிஸ்தான்மீது இந்தியா ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம்வரை போனது. 1963 உடன்படிக்கையை பாகிஸ்தான் மீறிவிட்டது என்று 2019இல் 15க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழர்கள். வெளியுறவு இணையமைச்சரே குவைத் போனார். உடல்களோடு விமானப்படை விமானம் 14ஆம் தேதி காலை கொச்சியில் இறங்கிவிட்டது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஏதோ ஒரு கேம்ப்பில் மாரடைப்பில் தனியாகச் செத்துப்போன கொத்தனாருக்கு இதே காகிதங்கள் வாரக்கணக்கில் நகர்கின்றன. மேலேயிருந்து போன் வந்தால் ஒரு வேகம், வராவிட்டால் ஒரு வேகம்.

இதற்குக் கவுண்ட்டர் அதிகாரியைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர் பாடும் திண்டாட்டம்தான். மூன்றாண்டுக்கொரு ஊர், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, போன நாட்டில் வேலை பார்க்க முடியாத மனைவி அல்லது கணவர். பெண் அதிகாரி என்றால் முன்பு திருமணத்துக்கே அரசிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, கல்யாணத்துக்குப் பின் ராஜினாமா செய்யச் சொல்லவும் விதியில் இடமிருந்தது. 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

என் குறை டெல்லிமீது. இளம் அதிகாரிகளை அரபி படிக்க கெய்ரோவுக்கு அனுப்பும் அமைச்சகம், முதுகுளத்தூரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்யும் தாய்க்குத் தமிழில் பதில் சொல்ல ஒவ்வொரு வளைகுடாத் தூதரகத்திலும் நிரந்தரமாக ஓர் ஆளைப் போட்டாக வேண்டும். இன்று அந்த வேலையில் பெரும்பங்கைச் சம்பளம் வாங்காத தமிழ், மலையாளத் தன்னார்வலர்கள்தான் சுமக்கிறார்கள். ஜவாஸாத் எனும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் பிணவறைக்கும் தங்கள் லீவு நாளில் அலைபவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வளைகுடாவுக்குக் கிளம்பினால், பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வாங்கி வையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் இக்காமா நகலையும், கம்பெனியின் பெயர், கஃபீலின் எண், தூதரகத்தின் எண் ஆகியவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். போன் செய்தால் தூதரகத்தில் முதலில் கேட்பது இவற்றைத்தான்.