மந்தையே அதன் குடும்பம்: கங்கால் நாய்

ஓநாயை எதிர்த்து நிற்கும் கங்கால் நாயைக் காணொளியில் பார்த்துவிட்டு, “நம் வீட்டிலும் இப்படி ஒன்று வளர்த்தால் என்ன?” என்று யோசித்திருக்கிறீர்களா? முதலில் அது செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

துருக்கியின் சிவாஸ் மாநிலத்திலுள்ள கங்கால் வட்டாரம் இதன் தாயகம். வெளிர்பழுப்பு உடல், கறுத்த முகம், சுருண்ட வால். ஆண் நாய் தோள்வரை சுமார் 75 சென்டிமீட்டர் உயரமும் 50 முதல் 60 கிலோ எடையும் இருக்கும். ஓநாய் கழுத்தைக் கவ்விவிடாமல் இருக்க, முட்கள் வைத்த இரும்புப் பட்டையை மேய்ப்பர்கள் இதற்கு மாட்டிவிடுவார்கள்.

பார்த்தால் சண்டைக்காரன் போலத் தோன்றும். ஆனால், சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் திறமை. ஆடுகளை ஓட்டி மடக்குவது இதன் வேலையல்ல. மந்தையோடு நடக்கும், மந்தையோடு படுக்கும். ஆபத்து நெருங்கினால் இடையில் நின்று உரக்கக் குரைக்கும். பெரும்பாலான விலங்குகள் அதிலேயே பின்வாங்கிவிடும். குட்டியிலிருந்தே ஆடுகளுடன் வளர்வதால், மந்தைதான் அதற்குக் குடும்பம்.

இந்தக் குணம் ஆப்பிரிக்காவில் இன்னோர் உயிரினத்துக்கும் கைகொடுத்தது. நமீபியாவில் ஆடு, மாடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக்கொன்று வந்தனர். ‘சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட்’ அமைப்பு 1994 முதல் கங்கால், அனடோலியன் ஷெப்பர்ட் வகை நாய்களை அவர்களுக்குக் கொடுத்து வருகிறது. கால்நடை இழப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக அவ்வமைப்பு கூறுகிறது. ஆடு பிழைத்தால் விவசாயி துப்பாக்கியை எடுக்க வேண்டியதில்லை, சிவிங்கிப்புலியும் பிழைக்கிறது.

சரி, நம் வீட்டுக்கு? வீவக வீடுகளில் இவ்வளவு பெரிய இனத்துக்கு அனுமதியில்லை. தரைவீடு இருந்தாலும் யோசிக்க வேண்டும். மேய்ப்பர் அருகில் இல்லாதபோதும் தானே முடிவெடுக்கும்படி வளர்க்கப்பட்ட இனம் இது. ‘உட்கார்’ என்றதும் உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்நியரைச் சந்தேகிக்கும், இரவில் குரைக்கும். அடர்ந்த ரோமத்துக்கு நம் ஊர்ப் புழுக்கமும் ஒத்துவராது.

எந்த நாயை வாங்க நினைத்தாலும், “இது எந்த வேலைக்காக வளர்க்கப்பட்ட இனம்?” என்று முதலில் கேளுங்கள். அந்த வேலையை நம் வீட்டில் கொடுக்க முடியாதென்றால், காணொளியில் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.