சாவி கிடைத்தது; பள்ளிக்கூடம் எங்கே?

சொந்த வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துப் பழகிய குடும்பம் அது. அதற்குச் சிமெண்டுக் கூரையும், பூட்டுப் போடக் கதவும், வீட்டுக்குள்ளேயே கக்கூசும் கிடைத்தால் அது பெரிய காரியம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வீடு மாறுவது வேறு. குடித்தனம் நிலைப்பது வேறு. வீடு மாற ஒரு லாரி போதும். குடித்தனம் நிலைக்கப் பள்ளிக்கூடம் வேண்டும், வேலை வேண்டும், ஆபத்துக்கு ஓடி வர அக்கம்பக்கம் வேண்டும்.

எங்கே போனார்கள்?

தமிழ்நாட்டில் 1970-ம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. அந்தக் காலத்தில், பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். தகப்பனாருக்குப் பழைய வேலை. பிள்ளைகளுக்குப் பழைய பள்ளிக்கூடம். ஒன்றும் கெடவில்லை.

பிறகு வழி மாறியது. நகருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது. ஊருக்குத் தெற்கே, வெகு தூரத்தில் கட்டத் தொடங்கினார்கள். 2000-ல் கண்ணகி நகர் வந்தது. அடுத்து செம்மஞ்சேரி. அதற்கும் பிறகு பெரும்பாக்கம். வாரியத்தின் பெயர்கூட 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. ஜனங்கள் வாயில் என்னவோ அது ‘ஹவுசிங் போர்டு’தான்.

2015 டிசம்பரில் சென்னையில் பெரு வெள்ளம் வந்தது. கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மட்டும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். சென்டிரல் ரெயில் நிலையத்தில் இருந்து 25 கிலோ மீட்டருக்கு மேல் தூரம். வெள்ளத்துக்குத் தப்ப அழைத்து வந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் இருக்கிறது! மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

பாதி வருஷத்தில்

குழந்தைகளைப் பார்ப்போம். சென்டிரல் அருகே கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. அந்தக் குடும்பங்களில் பலரை 2019 டிசம்பர் கடைசியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் அது. முழுப் பரீட்சைக்குச் சில மாதங்களே பாக்கி.

அந்த நேரத்தில் பெற்றோர் என்ன செய்வார்கள்? பழைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினால், பிள்ளை விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. புதிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் வாத்தியார் புதிது, தோழர்கள் புதிது, பாதிப் பாடம் முடிந்திருக்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. “அடுத்த வருஷம் சேர்க்கலாம்” என்று பிள்ளையை வீட்டில் நிறுத்துவது. தாயார் வீட்டு வேலைக்குப் பழைய இடத்துக்கே போகிறவராக இருந்தால், அநேகமாக மூத்த பெண்தான் நிற்கிறாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

காலி செய்யும் நாளை மே மாதத்தில் வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. அதற்குச் சர்க்காருக்கு ஒரு காசு கூடுதல் செலவும் இல்லை. ஆற்று வேலைக்குக் கெடு இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லலாம். பரீட்சைக்கும் கெடு இருக்கிறது.

சட்டம் உண்டு

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 வயது முதல் 14 வயது வரை உள்ள குழந்தையை வருஷத்தின் நடுவில் வந்தாலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். டி.சி. வர வில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் சொல்லக் கூடாது. டி.சி.யை உடனே கொடுப்பது பழைய பள்ளித் தலைமை ஆசிரியரின் கடமை. தாமதித்தால் அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது. மூட்டை கட்டும்போது தடுப்பூசி அட்டையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

ஏழாவது மாடி

பெரும்பாக்கத்துக் கட்டடங்கள் தரையோடு சேர்த்து எட்டு அடுக்கு. குடிசை வாசலில் குழந்தை தவழ்ந்தால் பத்துப் பேர் கண் பார்க்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கி வைத்துக்கொள்வாள். இங்கே வீடு குலுக்கலில் விழுகிறது. பாட்டிக்கு ஒரு பிளாக், உங்களுக்கு வேறு பிளாக். ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே கட்டடத்தில் வீடு கொடுத்திருந்தால், பாதிக் குழந்தைகளுக்குக் காவல் தானே கிடைத்திருக்கும்.

ஆகவே முதல் நாளே ஜன்னலையும் பால்கனியையும் பாருங்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் ஸ்டூல், தண்ணீர் டிரம், பழைய பெட்டி எதுவும் வைக்காதீர்கள். குழந்தை அதில் ஏறித்தான் எட்டிப் பார்க்கும். கம்பி இல்லாத இடத்தில் வலையாவது கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியாக லிப்டில் விடாதீர்கள். கரண்ட் போனால் அது நடுவில் நிற்கும்.

14-க்கு மேல்?

மேலே சொன்ன சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு மாணவிக்கு அது துணைக்கு வராது. பெயர் பழைய பள்ளியில் பதிவாகி இருக்கும், பரீட்சையும் அங்கேதான். உறவுக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்க இடம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பெண் பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும். அதற்குப் பயந்து படிப்பை நிறுத்துகிறவர்களும் உண்டு. சாவி கொடுக்கிற அன்றே வீட்டில் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளில் யார் படிக்கிறார்கள் என்று எழுதி வாங்கி, அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் வரை காலையும் மாலையும் ஒரு பஸ் விட்டால் போதும்.