பௌதிகநூலும் பதியுண்மையும்

பௌதிகநூல் வளருந்தோறும் கடவுட்கொள்கை தேயும் என்பது இக்காலத்துக் கற்றார் பலர்மாட்டு நிலவும் ஒரு துணிபு. மழையும் இடியும் நோயும் கோளியக்கமும் காரணம் அறியப்படாதிருந்த காலத்துக் கடவுள்மேல் ஏற்றப்பட்டன. காரணம் அறியப்பட்டபின் கடவுள் வேண்டப்படாதொழிந்தார். எஞ்சியவற்றுக்குங் காரணங் காணப்படும் நாளில் அவர்க்கு இடமே இராது என்பது அன்னார் கூற்று. இது கேட்டு அஞ்சிய ஆத்திகர் சிலர் அப்பௌதிகநூலையே சான்றாக்கிக் கடவுளை நாட்டப் புகுகின்றனர். இவ்விரு திறத்தாரும் பகைவர்போலத் தோன்றினும் ஒரு பிழையின்கண் ஒன்றுபட்டவரே. கருவியால் அளக்கப்படும் பொருள்களுள் ஒன்றாகக் கடவுளை வைத்து, ஒருவர் கண்டேம் என்பர். ஒருவர் காணேம் என்பர். சைவசித்தாந்தம் இவ்விருவர்க்கும் வேறாய் நிற்பது.

இவ்வழக்கு எழுந்தது மேனாட்டின்கண். அது எத்தகைய கடவுட்கொள்கையை வீழ்த்திற்று என்பது முதற்கண் ஆராயற்பாலது. 1687-ஆம் ஆண்டிற் 'பிரின்சிப்பியா' என்னும் நூலை வெளியிட்ட நியூட்டன், கோள்களின் இயக்கம் முழுவதையும் ஈர்ப்பு என்னும் ஒரு நெறியுள் அடக்கினார். ஆயினும், கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்தலான் விளையுஞ் சிறு பிறழ்ச்சிகள் நாளடைவிற் பெருகுமென்றும், அப்பொழுது கடவுள் அவ்வொழுங்கைச் செப்பஞ்செய்வார் என்றும் அவர் கருதினார். கடவுள் செய்த கடிகாரம் அடிக்கடி முறுக்கப்படவேண்டுவதோ என்று லைப்னிட்ஸ் 1715-இல் எள்ளினார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பிரெஞ்சு நாட்டுக் கணிதப்புலவராகிய லாப்லாஸ், வியாழன், சனி என்னும் இரு கோள்களிடத்துக் காணப்பட்ட பிறழ்ச்சி ஏறத்தாழ 900 ஆண்டுகளில் மீண்டு வருவதோர் ஊசலாட்டமே என்று கணித்துக் காட்டினார். செப்பஞ்செய்வார்க்கு வேலை இல்லையாயிற்று.

உயிர்நூலின்கண்ணும் இதுவே நிகழ்ந்தது. 1802-இற் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், கண் முதலிய உறுப்புக்களின் நுட்பத்தைக் காட்டி, கடிகாரத்துக்குக் கம்மியன்போல அவற்றுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்று நூல் செய்தார். 1859-இல் டார்வின், உயிர்களிடத்துத் தோன்றுஞ் சிறு வேறுபாடுகளுள் வாழ்தற்கேற்றன நிலைத்து வழிவழிப் பெருகுதலான் அந்நுட்பம் படிப்படியாக அமையும் என்று விளக்கினார். பேலியின் கம்மியனும் விடைபெற்றான்.

வீழ்ந்தவன் யாவன்? அறியப்படாத இடத்தை அடைப்பதற்கு வைக்கப்பட்ட கடவுள். அறிவின் எல்லை விரியுந்தோறும் அவன் பின்வாங்குதல் இயல்பேயன்றி வியப்பன்று. அவனை வைத்தார் பிழையேயன்றி, அகற்றினார் பிழையன்று.

இப்பிழை பின்னும் நீங்கிற்றில்லை. உலகம் விரிந்து செல்கின்றதென்று 1927-இல் லெமெயித்தர் என்னும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவே கணித்துரைத்தார். 1929-இல் ஹபிள், விண்மீன் மண்டலங்கள் சேய்மைக்கேற்ற விரைவில் அகன்று செல்லுதலைக் காட்டினார். விரிவதாயின் அது முன்னொருகாற் செறிந்திருந்ததாதல் வேண்டும் என்பது பெறப்பட்டது. 1951-இற் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், இக்கொள்கை படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். அவ்வாறு பிணைத்தலை லெமெயித்தரே விரும்பினாரல்லர். தமது கணிதம் சமயத்தை நாட்டுவதுமன்று, மறுப்பதுமன்று என்பது அவர் நிலை. அவர் அஞ்சியவாறே, 2010-இல் ஹாக்கிங் என்னும் பௌதிகப்புலவர், ஈர்ப்புநெறி உளதாகலின் உலகம் இன்மையினின்று தானே தோன்றும். கடவுள் வேண்டா என்று எழுதினார். ஒரே கணிதத்தை ஒருவர் கடவுட்குச் சான்றென்றார்; மற்றொருவர் மறுப்பென்றார். இரண்டும் அதன் வரம்பு கடந்த கூற்றுக்களே.

சித்தாந்தம் உலகத்துக்கு மூன்று காரணங்கள் கூறும்: மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அதன் அடிப்படை. ஆகலின் இன்மையினின்று உலகைப் படைத்தான் என்னுங் கொள்கை சித்தாந்திக்கு உடன்பாடன்று. இறைவன் உலகினைச் செய்துவிட்டு, அது பிறழுந்தோறும் வந்து திருத்துங் கம்மியனும் அல்லன். கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை முகையாகவும் ஒன்று மலராகவும் நிற்ப, கதிரவன் யாதொரு விகாரமும் எய்தாமைபோல, தன் சந்நிதியில் அனைத்தும் நிகழ அவன் விகாரமின்றி நிற்பன்.

அற்றேல், குடத்துக்குக் குயவன்போல என்னும் உவமை பேலியின் கடிகாரத்தோடு ஒக்குமன்றோ எனின், ஒவ்வாது. பேலியின் வாதம் ஓர் உறுப்பின் நுட்பம் விளங்காமையைப் பற்றி எழுந்தது, விளங்கியவுடன் வீழ்ந்தது. மெய்கண்டதேவர் வாதமோ, விளங்கியது விளங்காதது என்னும் வேறுபாடின்றிச் சடவுலகம் முழுவதும் தோன்றி நின்று ஒடுங்குதலைப் பற்றியது. மண்ணின் குணத்தையும் திரிகையின் விரைவையும் முற்ற அறிந்தார்க்குக் குயவன் இல்லையாதல் யாண்டையது?

சடத்தின் இயல்பும் நெறியுமே அமையும், நிமித்தகாரணன் வேண்டா எனின், நெறி என்பது பொருள்கள் நிகழுமாற்றைக் கூறுவதேயன்றி, நிகழ்விப்பதொரு முதலன்று. ஏட்டில் எழுதிய சட்டம் தானே எழுந்து கள்வனைப் பற்றாது. ஹாக்கிங் கூறும் இன்மையும் மெய்யான இன்மையன்று. நெறியை உடையதாய், உலகாய் விரிதற்குரியதாய் நிற்பதொன்றை இன்மை என்றல் சொல் மயக்கம். இனி, அதுவே மாயை என்று ஆர்ப்பரித்தலும் சைவர்க்குத் தகாது. இன்று அதனை மாயையென்று பிணிப்பின், நாளை அக்கணிதம் மாறுங்கால் மாயையும் உடன் மாறவேண்டி வரும்.

அன்றியும், உலகம் யார்பொருட்டு என்னும் வினா பௌதிகநூலின்கண் இல்லை. ஆணவத்தாற் பிணிப்புண்ட உயிர்கள் அறிவு விளங்கி உய்தற்பொருட்டு என்பது சித்தாந்தத்தின் விடை. அவ்வினாவை எழுப்பாத நூல் அதன் விடையை மறுத்துவிட்டது என்றல் எங்ஙனம் பொருந்தும்?

சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் அனுமானத்தான் நாட்டுவது, கருத்தா ஒருவன் உளன் என்னும் பொதுவியல்பு. அவனது உண்மையியல்பு பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் அறியப்படாது. பதிஞானத்தான் மட்டுமே அறியப்படும். தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் எத்துணைச் சிறந்தனவாயினும் பாசஞானத்துக்குத் துணையாவனவே. அவற்றில் இறைவன் அகப்படாமை அவன் இன்மையைக் காட்டாது. அகப்பட்டானெனின், அகப்பட்டது சடமேயாம். அக்கருவி வழியே காண்பானாகிய உயிரும் அதன்கண் அகப்படுவதில்லை. அதனால் காண்பான் இல்லையென்று எவரும் முடிவுசெய்யார்.

இனிச் சைவர் தம்மிடத்துள்ள குறையையும் நோக்குதல் வேண்டும். இராகு விழுங்குதலாற் கிரகணம் உண்டாமென்று இன்றும் சிறார்க்குச் சாதிப்பார், காட்சியளவைக்கு மாறாக நின்று சிவநெறிக்கு இழுக்குத் தேடுவோராவர். பூமி சுழலுமென்ற கலிலியோவை 1633-இல் ஒறுத்த உரோமைத் திருச்சபை, அப்பிழையை 1992-இல் ஒப்புக்கொண்டது. கிரகணத்தின் காரணத்தைப் பள்ளியிற் கற்ற மாணவன் இராகுவைத் தள்ளுங்கால், இராகுவோடு பிணித்துவைத்த சிவபெருமானையும் உடன் தள்ளுவன். அவ்விழப்புக்குப் பிணித்தவரே பொறுப்பாவர்.

அணுத்துகள்களை ஆராயும் ஜெனீவாவிலுள்ள சேர்ன் நிலையத்தில், இந்திய அரசு அளித்த நடராசர் திருவுருவம் 2004-இல் நிறுவப்பட்டது. அது போற்றத்தக்கதே. ஆனால், பௌதிகநூலார் ஆனந்தக்கூத்தை மெய்ப்பித்துவிட்டனர் என்று அதனைக் காட்டித் தருக்குவோர் அக்கூத்தின் பொருளை அறியாதவர். துகள்களின் ஆட்டத்திற் காணப்படுவன தோற்றமும் நிலையும் அழிவுமே. மறைத்தலும் அருளலும் எந்தக் கருவியிற் பதியும்? அவ்விரண்டுமின்றிக் கூத்து ஏது?

ஆகலின், பௌதிகநூலைச் சைவர் அஞ்சவும் வேண்டா. அதனிடம் நற்சான்று இரக்கவும் வேண்டா. அது மாயாகாரியத்தை ஆராய்வது. ஆராய்க, அதன் முடிபுகளைக் கற்க. மலநீக்கமும் திருவருட்பேறும் ஆசிரியன்பாற் கேட்டுச் சிந்தித்துத் தெளிந்து நிட்டை கூடுவார்க்கு உரியன. ஆராய்ச்சிக்கூடத்தின் முடிபை எதிர்நோக்கியிருப்பார்க்கு உரியனவல்ல.

திருச்சிற்றம்பலம்.