விருந்துக்கு வர மறுத்த கவி

சர்க்காரிடமிருந்து ஒருவருக்கு விருந்துக்கு அழைப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அழைப்புக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். போய் வந்த சங்கதியைப் பத்து வருஷ காலம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அழைத்தவர் அந்தச் சமயத்தில் வேறு என்ன காரியம் செய்து கொண்டிருந்தார் என்று யாராவது கேட்டால், கேட்டவனைப் பொறாமைக்காரன் என்பார்கள். போக இஷ்டமில்லாதவரும்கூட, "உடம்பு சரியில்லை" என்றோ, "வீட்டில் விசேஷம்" என்றோ ஒரு பொய்யைச் சொல்லி நழுவிக் கொள்வாரே தவிர, உள்ளதைச் சொல்ல மாட்டார்.

அமெரிக்காவில் ஒரு கவி உள்ளதைச் சொன்னார். அவர் பெயர் ராபர்ட் லோவெல். நடந்தது 1965-ம் வருஷத்தில். அந்த நாட்டு ஜனாதிபதி ஜான்சன் அழைத்த விழாவுக்கு முதலில் வருவதாக ஒப்புக்கொண்டு, சில நாள் யோசித்துப் பார்த்து, வர முடியாது என்று எழுதினார். எழுதினதோடு நிற்காமல், ஏன் வர முடியாது என்பதையும் ஊரறிய வெளியிட்டார். அறுபது வருஷத்துக்கு முந்திய சங்கதியாயினும் இன்றும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் அதில் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

லோவெல் இன்னாரென்று முதலில் சொல்லிவிடுவோம். அவர் பாஸ்டன் நகரத்துப் பழைய பெருங்குடியில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் அவருக்கு முன்பே பெயர் பெற்ற கவிகள் இருவர் இருந்தனர். ஹார்வர்ட் சர்வகலாசாலைக்குத் தலைவராக இருந்தவரும் ஒருவர் உண்டு. தகப்பனார் கடற்படை அதிகாரி. தாமும் 1947-ல் புலிட்சர் பரிசும், 1960-ல் தேசியப் புத்தகப் பரிசும் பெற்றவர். ஆகவே, அரண்மனைக் கதவு திறக்காதா என்று வாசலில் காத்துக் கிடந்து, கிடைக்காத கோபத்தில் பேசினவரல்ல.

ஜான்சன் ஏற்பாடு செய்தது சாதாரண விருந்துமல்ல. 1965 ஜூன் 14-ந் தேதி வெள்ளை மாளிகையில் கலை விழா. சித்திரம், சிற்பம், சங்கீதம், நாடகம், நாட்டியம், கவிதை எல்லாம் ஒரே நாளில். நாட்டின் பெரிய கலைஞர்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கூட்டுவது. எரிக் கோல்ட்மன் என்ற சரித்திரப் பேராசிரியர் இதற்கு முன்னின்றார். தமது கவிதைகளைப் படிக்க லோவெலுக்கு அழைப்புப் போயிற்று.

இதே சமயத்தில் அந்த ஜனாதிபதி வேறு என்ன செய்துகொண்டிருந்தார்? 1965 மார்ச் 2-ந் தேதி முதல் வட வியட்நாமின்மேல் ஓயாத குண்டுவீச்சு ஆரம்பமாகிவிட்டது. மார்ச் 8-ந் தேதி டா நாங் என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் 3500 பேர் இறங்கினார்கள். ஏப்ரல் மாதக் கடைசியில் டொமினிக்கன் குடியரசு என்ற சிறிய நாட்டுக்குள்ளும் அமெரிக்கப் படை புகுந்தது. ஒரு கையால் பூச்செண்டு, மறு கையால் வெடிகுண்டு. இந்த நிலையில்தான் கலை விழாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்.

லோவெல் மே மாதக் கடைசியில் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 3-ந் தேதி அது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அதில் வசைமொழி ஒன்றும் இல்லை. அவசரப்பட்டு, ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தம் குற்றத்தை முதலில் சொல்லிக் கொண்டார். ஜனாதிபதியின் உள்நாட்டுச் சட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் உற்சாகத்தோடு ஆதரிப்பதாகவும், ஆனால் வெளிநாட்டுக் கொள்கையைப் பார்த்தால் கலக்கமும் அவநம்பிக்கையுமே உண்டாவதாகவும் எழுதினார். நாடு தன்னையறியாமலே போர்வெறி கொண்ட தேசமாக மாறி, அணுகுண்டு நாசம் வரையிலும் இழுத்துச் செல்லப்படலாம் என்று அஞ்சினார். இந்த நெருக்கடியான வேளையில் விழாவில் கலந்து கொள்ளாமலிருப்பதே ஜனாதிபதிக்கும் நாட்டுக்கும் தாம் செய்யக்கூடிய உதவி என்று முடித்தார்.

இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வாக்கியம் என்று நாம் கருதுவது யுத்தத்தைப் பற்றியதல்ல. பொது விழாவில் மரியாதையைப் பெற்றுக்கொள்ளும் எந்தக் கலைஞனும், சூட்சுமமாக ஏதோ ஒன்றுக்கு உடன்பட்டவனாகிறான் என்ற கருத்துப்பட அவர் எழுதியதுதான் அது. இது கவிகளுக்கு மாத்திரமா பொருந்தும்? ஊர்ப் பெரிய மனிதன் ஒருவன் பக்கத்துச் சேரிக் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டு வந்து, மறுநாள் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். பந்தியில் உட்காருகிறவன் தீ வைத்தவனல்ல, நெருப்புக்குச்சியைத் தொட்டவனுமல்ல. ஆனால் ஊரெல்லாம் வந்து சாப்பிட்டுப் போயிற்று என்றால், குடிசைக்காரன் யாரிடம் போய் முறையிடுவது? பந்தியில் விழுந்த ஒவ்வொரு இலையும் தீ வைத்தவனுக்கு எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடுகிறதா இல்லையா?

லோவெலுக்கு இந்தப் பாடம் முன்பே ஒருமுறை கிடைத்திருந்தது. 1962 மே மாதத்தில் கென்னடி ஜனாதிபதியாயிருந்தபோது, பிரெஞ்சு மந்திரியும் எழுத்தாளருமான மால்ரோவுக்கு வெள்ளை மாளிகையில் விருந்து நடந்தது. லோவெலும் போயிருந்தார். மறுநாள் காலைப் பத்திரிகையைப் பிரித்தால், அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை ஆசியாவில் ஏதோ ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டது என்ற சமாசாரம். நாம் கடை வாசலில் வைத்த அலங்காரப் பொம்மைகள்தான், உண்மையான ஆட்சி வேறெங்கோ நடக்கிறது என்று அப்போது தோன்றியதாக அவரே பின்னால் சொன்னார். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பொம்மையாக நிற்க அழைத்தபோது அவர் மறுத்ததில் ஆச்சரியம் என்ன?

நிற்க, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

முதல் ஆட்சேபணை, கலைக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்பது. இந்தக் கேள்வியை அழைத்தவரிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? கலைக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லையென்றால், விழாவை ஒரு நாடகக் கொட்டகையில் நடத்தாமல் ஜனாதிபதியின் மாளிகையில் நடத்துவானேன்? கலைஞன் வந்தால் அது கலை. வராவிட்டால் அது அரசியலா?

இரண்டாவது, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது. அந்த விழாவுக்கு ட்வைட் மக்டொனால்ட் என்ற எழுத்தாளர் போனார். போனவர் சும்மா இராமல் லோவெலை ஆதரித்து ஒரு விண்ணப்பத்தில் விருந்தாளிகளிடம் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துப் போட்டவர்கள் வெகு சிலரே. அழைத்தவர் வீட்டிலேயே அவருக்கு விரோதமாகக் கையெழுத்து வாங்குவதா என்று சினிமா நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் கடிந்து கொண்டார். நாம் கேட்கிறோம்: வெள்ளை மாளிகையின் உப்பு ஜான்சனுடைய பாட்டன் சம்பாதித்த உப்பா? வரி கொடுக்கும் ஜனங்களின் உப்பு. அந்த ஜனங்களின் பிள்ளைகள்தான் சிப்பாய்களாகிச் சாகப் போகிறார்கள். உப்பிட்டவரை நினைப்பதென்றால் அவர்களையல்லவா நினைக்க வேண்டும்?

மூன்றாவது ஆட்சேபணை கொஞ்சம் யோக்கியமானது. வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதைவிட, நேரில் போய் முகத்துக்கு நேரே சொல்லலாமே என்பது அது. அப்படிச் சொன்னவரும் உண்டு. ஹிரோஷிமா நாசத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜான் ஹெர்சி, அதே விழாவில், ஜனாதிபதியின் மனைவியார் முன்னிலையில், அந்தப் புத்தகத்திலிருந்தே படித்தார். தீ தீயை வளர்ப்பதைக் கண்டு ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றும் முன்னுரையாகச் சொன்னார். இதை நாம் குறை சொல்லமாட்டோம். போய்ச் சொல்லத் துணிவுள்ளவன் போகட்டும். போகாமல் சொல்லத் துணிவுள்ளவன் போகாதிருக்கட்டும். போயும் சொல்லாமல், போகாமலும் சொல்லாமல் இருக்கிறவனைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அன்றியும், ஹெர்சி படித்ததை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டதற்கு லோவெலின் காலி நாற்காலியும் ஒரு காரணம் என்பதை மறக்கக்கூடாது. அவர் கடிதம் வெளியான மறுநாளே அவரை ஆதரித்து எழுத்தாளர்களும் ஓவியர்களுமாக 20 பேர் ஜனாதிபதிக்குத் தந்தி அடித்துவிட்டார்கள். ஒருவர் வாய் திறந்ததும் இருபது வாய் திறந்தது.

ஆனால் லோவெலை ஒரு தெய்வமாக்கி மாலை போட வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. மனிதனைத் தெய்வமாக்கினால் அவனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இராது. குடும்பமும் கீர்த்தியும் அவருக்குக் கவசமாயிருந்தன. அந்தக் கவசமில்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எர்த்தா கிட் என்ற கறுப்பினப் பாடகி ஏழ்மையில் பிறந்து வளர்ந்தவர். 1968 ஜனவரியில் ஜனாதிபதியின் மனைவியார் பெண்களுக்கு வைத்த பகல் விருந்துக்கு அவரை அழைத்தார்கள். வாலிபர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பது அங்கே பேச்சு. பெற்று வளர்த்த பிள்ளைகளை யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றி அவர் எழுந்து நேராகப் பேசிவிட்டார். அதன்பின் அமெரிக்காவில் அவருக்குத் தொழில் அற்றுப் போயிற்று. பல வருஷம் வெளிநாடுகளில் பாடிப் பிழைத்தார். அரசாங்க உளவு ஸ்தாபனம் அவரைப் பற்றித் தகவல் சேகரித்து வைத்திருந்தது 1975-ல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஒரே யுத்தம், ஒரே மாளிகை. பெருங்குடிக் கவிக்குக் கிடைத்தது வாக்குவாதம், கறுப்புப் பாடகிக்குக் கிடைத்தது வயிற்றிலடி.

இருந்தாலும் லோவெலும் விலை கொடுக்காதவரல்ல. 1943-ம் வருஷத்தில் அவருக்கு வேறொரு அழைப்பு வந்தது. அது விருந்துக்கல்ல, பட்டாளத்துக்கு. அதற்கு முன் தாமாகவே பட்டாளத்தில் சேர முயன்றவர் அவர். ஆனால் ஹாம்பர்க் போன்ற நகரங்களில் நிராயுதபாணிகளான ஜனங்கள்மேல் குண்டு வீசுவதையும், நிபந்தனையில்லாத சரணாகதி கேட்பதையும் கண்டு மனம் மாறி, சேர மாட்டேன் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கே எழுதினார். ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை கிடைத்தது. சுமார் ஐந்து மாதம் சிறையிலிருந்தார். ஹிட்லரை எதிர்த்த யுத்தத்தில் அவர் அப்படி நின்றது சரியா என்பதில் பலருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு, இருப்பது நியாயமே. ஆனால் 1943-ல் பட்டாளத்தை மறுத்தவரும் 1965-ல் விருந்தை மறுத்தவரும் ஒரே ஆள் என்பதையும், இரண்டு தடவையும் காரணத்தை ஒளிக்காமல் ஜனாதிபதிக்கே எழுதினார் என்பதையும் யாரும் மறுக்க முடியாது. கடிதத்தோடு வேலை முடிந்தது என்றும் அவர் இருந்துவிடவில்லை. 1967 அக்டோபரில் யுத்த இலாகாவின் தலைமை இடமான பென்டகனை நோக்கி நடந்த பெரிய ஊர்வலத்திலும் நடந்தார்.

கடைசி ஆட்சேபணை ஒன்று உண்டு. இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம், யுத்தம் நின்றுவிட்டதா என்பது. நிற்கவில்லை. 1965 முடிவில் சுமார் 1,84,000 ஆக இருந்த அமெரிக்கப் படை 1968-ல் 5 லட்சத்துக்கு மேலாயிற்று. 1975 ஏப்ரல் 30-ந் தேதிதான் யுத்தம் ஓய்ந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் 58,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வியட்நாம் சர்க்கார் 1995-ல் வெளியிட்ட கணக்குப்படி அந்த நாட்டில் மாண்ட சாதாரண ஜனங்கள் மாத்திரம் சுமார் 20 லட்சம். போராளிகள் 11 லட்சம். ஒரு கவி விருந்துக்குப் போகாததால் இதில் ஒரு உயிர் தப்பியது என்று நாம் சொல்லத் தயாராயில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த யுத்தத்தை நடத்திய மந்திரி மக்நமாரா, 1995-ல் தாம் எழுதிய புத்தகத்தில், நாங்கள் செய்தது பெருந் தவறு என்று ஒப்புக்கொண்டார். கவி 1965-ல் சந்தேகப்பட்டதை மந்திரி 30 வருஷம் கழித்து ஊர்ஜிதம் செய்தார். அதைக் கேட்க லோவெல் உயிரோடில்லை, 1977-ல் இறந்துவிட்டார். மந்திரியிடம் உளவாளிகளும், புள்ளிவிவரங்களும், படத்தில் குறி வைத்துக் காட்டும் சேனாதிபதிகளும் இருந்தார்கள். கவியிடம் காலைப் பத்திரிகையும், அதைப் படித்து யோசிக்கும் புத்தியும் மாத்திரமே இருந்தன. அவ்வளவு வசதியிருந்தும் மந்திரி சொல்லாமலிருந்ததற்கும், அவ்வளவுதான் வசதியிருந்தும் கவி சொன்னதற்கும் காரணம் அறிவில் வித்தியாசமல்ல. மேல்நாற்காலியை இழக்கச் சம்மதிப்பதா இல்லையா என்பதே வித்தியாசம்.

ஆகவே, தோழர்களே! நம்மில் யாருக்கும் வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு வரப் போவதில்லை. ஆனால் கலெக்டர் தேநீர் விருந்துக்கு அழைப்பார். மில் முதலாளி ஆண்டு விழாவுக்கு அழைப்பார். ஊர்ப் பண்ணையார் மேடையில் பக்கத்து நாற்காலி போட்டு அழைப்பார். அப்போது, என்னை ஏன் அழைக்கிறார்கள், நான் போனால் எதற்குச் சாட்சியாக நிற்கிறேன், நான் போவதைப் பார்த்தால் யாருடைய வயிறு எரியும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் தாராளமாகப் போங்கள். தப்பென்று பட்டால், வயிற்றுவலி என்று சொல்லி மறைந்து கொள்ளாதீர்கள். காரணத்தைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். முதலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டோமே என்றும் வெட்கப்பட வேண்டாம். தவறாகக் கொடுத்த வாக்கைத் திருத்திக்கொள்வது மானக்கேடல்ல. தவறென்று தெரிந்தும் பந்தியில் போய் உட்காருவதுதான் மானக்கேடு.