மகாநாடு முடிந்த பின்

திருச்சபை மகாநாடுகளில் தீர்மானங்களுக்குக் குறைவில்லை. அவற்றால் என்ன பயன் என்று இடம்பெயர்ந்த மக்கள் கேட்பது நியாயமே.

1934 ஓகஸ்ட் மாதம் உலக பப்டிஸ்ட் மகாநாடு ஜேர்மனியின் பேர்லின் நகரில் கூடியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டுகளே ஆகியிருந்தன. யூதரையும் கறுப்பினத்தவரையும் அடிமைப்பட்ட இனங்களையும் ஒடுக்குவது கடவுளின் சட்டத்தை மீறுவதாகும் என்று அந்த நகரிலேயே தீர்மானம் நிறைவேறியது. அது ஹிட்லரைத் தடுக்கவில்லை. வந்தவர்களில் சிலர் அவரது ஆட்சியைப் புகழ்ந்துகொண்டும் திரும்பினர்.

அங்கே இருந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் போதகர் மைக்கேல் கிங். வாரத்துக்குக் கமம் செய்தவரின் மகன். பருத்திவிதைக் காசு கணக்கில் விடுபட்டதைச் சிறுவயதில் அவர் சுட்டிக்காட்டியதற்காக, நிலச் சொந்தக்காரர் அக்குடும்பத்தையே வெளியேற்றினார். மகாநாடு முடிந்து ஊர் திரும்பிய பின், சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பெயரைத் தமக்கும் ஐந்து வயது மகனுக்கும் சூட்டினார். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகவும், அவர்களுடைய ஆசிரியர்களின் சம சம்பளத்துக்காகவும் பாடுபட்டார். மகன் செய்ததை உலகம் அறியும்.

ஆகவே, மகாநாட்டுக்குப் போய்வரும் எங்களைப் போன்ற போதகர்களிடம், "என்ன தீர்மானித்தீர்கள்?" என்று மட்டும் கேளாதீர்கள். "இனி இங்கே என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.